இரண்டாவது கம்ப்யூட்டருக்கு இண்டர்நெட்: எதை வாங்குவது?

வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருக்கும் வரை பிரச்னை இல்லை. ஹாலில் சுவரோரம் ஒரு மேஜை, அதன் மேல் கம்ப்யூட்டர், பக்கத்திலேயே விளக்குகள் மினுக்கும் இண்டர்நெட் பெட்டி. ஒரு சிறிய வயர் செருகினால் வேலை முடிந்தது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும், அல்லது வீட்டில் ஒருவர் அலுவலக வேலையை வீட்டிலிருந்தே பார்க்கத் தொடங்கியதும் இரண்டாவது கம்ப்யூட்டர் வருகிறது. அதை யாரும் ஹாலில் வைப்பதில்லை. மாடி அறைக்கோ, பின்பக்க அறைக்கோ கொண்டு போகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

கடையில் போய், "இன்னொரு கம்ப்யூட்டருக்கும் நெட் வரணும், என்ன வாங்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கடையில் ரவுட்டரை எடுத்து வைப்பார்கள். அடுத்த கடையில் ரிப்பீட்டர். இன்னொரு கடையில் ஸ்விட்ச். எல்லாமே சின்னப் பெட்டி, எல்லாவற்றிலும் விளக்கு, சிலவற்றில் ஆன்டெனா. பார்த்தால் ஒரே வேலையைச் செய்வது போலத் தோன்றும். ஆனால் ஒன்று செய்வதை மற்றொன்று செய்யாது. தவறாக வாங்கிவிட்டால் பணம் போவது மட்டுமல்ல, "நம்ம வீட்டு நெட்டே சரியில்லை" என்று முடிவு கட்டி, மாதாமாதம் இரண்டாவது இணைப்புக்குப் பணம் கட்டும் வீடுகளும் உண்டு. எங்கள் அக்கா வீடு அப்படி ஆகியிருக்க வேண்டியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், வீட்டில் இருப்பது என்ன?

ஒரு இணைப்பில் ஒரு கம்ப்யூட்டர்தான் ஓடும் என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அது ஏறக்குறைய உண்மைதான். மோடம் முதல் கம்ப்யூட்டரில் இருக்கும். 1999ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில்தான் அந்த இணைப்பை இன்னொரு கம்ப்யூட்டருடன் பகிர்ந்துகொள்ளும் வசதி சேர்க்கப்பட்டது. அதிலும் ஒரு தொல்லை. முதல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால் இரண்டாவதில் நெட் நின்றுவிடும்.

இன்று அந்த வேலையை ரவுட்டர் செய்கிறது. இண்டர்நெட் நிறுவனம் உங்கள் வீட்டுக்கு ஒரு முகவரி தருகிறது. ரவுட்டர் வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.5, 192.168.1.6 என்பது போலத் தனித்தனி உள்முகவரி கொடுத்து, வெளியிலிருந்து வருவதை உரியவரிடம் சேர்க்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இருக்கும் வாட்ச்மேன் கொரியரை வாங்கி, எந்த வீட்டுக்கு வந்ததோ அங்கே கொடுப்பது போல.

ஃபைபர் இணைப்பு இருந்தால், நிறுவனத்தார் சுவரில் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதற்குள்ளேயே ரவுட்டரும் வை-ஃபையும் இருக்கும். பின்னால் லேன் 1, லேன் 2 என்று எழுதிய சதுரத் துளைகள் இரண்டோ நான்கோ இருக்கும். தொலைபேசி வயர் செருகும் துளையும் அதே போல, ஆனால் சற்றுச் சிறியதாக இருக்கும். குழப்பிக்கொள்ள வேண்டாம். லேன் துளை ஒன்று காலியாக இருந்தால், புதிய ரவுட்டர் வாங்கும் தேவையே உங்களுக்கு இல்லாமல் போகலாம். இரண்டாவது கம்ப்யூட்டரும் அதே அறையில்தான் என்றால் ஒரு சிறிய லேன் கேபிள் போதும். இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. லேப்டாப்பில் லேன் துளை இல்லையென்றால் யுஎஸ்பி-லேன் அடாப்டர் ஒன்று கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா வீட்டில் நடந்தது

மதுரையில் அக்கா வீடு கீழே ஹால், மாடியில் ஒரு அறை. இண்டர்நெட் பெட்டி ஹாலில், டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால். மாடி அறையில் அவள் மகளின் கம்ப்யூட்டர். ஒரு கம்பெனியின் வேலை இண்டர்வியூ, வீடியோவில். பாதியில் படம் உறைந்துவிட்டது. மீண்டும் சேர்ந்தாள், மீண்டும் உறைந்தது. அவர்கள் நல்லவர்கள், அடுத்த வாரம் இன்னொரு நாள் கொடுத்தார்கள்.

அக்கா எனக்குப் போன் செய்தாள். "தம்பி, போன மாசம்தான் ரிப்பீட்டர் வாங்கி மாட்டினோம். கம்ப்யூட்டர்ல வை-ஃபை கோடு முழுசாக் காட்டுது. ஆனா நெட் வர மாட்டேங்குது. மாமா மாடிக்குத் தனியா ஒரு கனெக்ஷன் எடுத்துடலாம்னு சொல்றாங்க."

"ரிப்பீட்டரை எங்கக்கா மாட்டியிருக்கீங்க?"

"கம்ப்யூட்டருக்குப் பக்கத்துலதான். அங்கதானே சிக்னல் இல்ல?"

பலரும் செய்யும் தவறு இதுதான். ரிப்பீட்டர் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. ஹாலில் இருக்கும் பெட்டியிடம் கேட்டதைத் திரும்பச் சொல்கிறது. சரியாகக் காதில் விழாத இடத்தில் அதை வைத்தால், விழாததைத்தான் உரக்கச் சொல்லும். கம்ப்யூட்டரில் தெரியும் நான்கு கோடுகள், கம்ப்யூட்டருக்கும் ஓரடி தள்ளி இருக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ள சிக்னல். ரிப்பீட்டருக்கும் ஹாலுக்கும் இடையே என்ன நிலைமை என்பதை அந்தக் கோடுகள் காட்டாது.

இன்னொரு விஷயமும் உண்டு. விலை குறைந்த ரிப்பீட்டர்கள் ஒரே அலைவரிசையில் கேட்டு, அதே அலைவரிசையில் திரும்பச் சொல்கின்றன. ஒரு வாயால் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாது அல்லவா? ஆகவே வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

செலவு செய்யும் முன் ஒரு சோதனை

கடைக்குப் போவதற்கு முன், இரண்டாவது கம்ப்யூட்டரை எங்கே வைக்கப் போகிறீர்களோ அந்த இடத்தில் சிக்னல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பைசா செலவில்லை. கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் போதும்.

போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வை-ஃபையில் இணையுங்கள். கம்ப்யூட்டர் இருக்கும் மேஜையில் வைத்து, யுஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டருடன் இணைத்து, போனின் செட்டிங்க்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதியில் யுஎஸ்பி டெதரிங் என்பதை ஆன் செய்யுங்கள். இப்போது உங்கள் போனே கம்ப்யூட்டருக்கு வை-ஃபை அடாப்டராக வேலை செய்யும். ஒரு மணி நேரம் வழக்கமான வேலைகளைச் செய்து பாருங்கள். நன்றாக ஓடினால் உங்களுக்குத் தேவை ரிப்பீட்டரோ மெஷ்ஷோ அல்ல, கம்ப்யூட்டருக்கு ஒரு சாதாரண வை-ஃபை அடாப்டர் மட்டுமே. தடுமாறினால், எவ்வளவு நல்ல அடாப்டர் வாங்கினாலும் அந்த இடத்தில் பெரிய மாற்றம் இருக்காது.

தடுமாற்றம் வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று பிரித்தறிய அடுத்த சோதனை. கம்ப்யூட்டர் நேராக வீட்டு வை-ஃபையில் இணைந்திருக்கும்போது இதைச் செய்யுங்கள். விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து கமாண்ட் பிராம்ப்ட் என்று தேடினால் கறுப்பு விண்டோ ஒன்று வரும். அதில் பி, ஐ, என், ஜி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, ஓர் இடம் விட்டு ரவுட்டரின் முகவரியையும், மேலும் ஓர் இடம் விட்டு ஒரு சிறுகோடும் டி என்ற எழுத்தும் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ரவுட்டரின் முகவரி பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1.

வரிசையாக வரிகள் ஓடும். ஒவ்வொரு வரியிலும் டைம் என்பதற்கு எதிரே ஓர் எண். ரவுட்டருக்குச் செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்பதே அது. கேபிளில் இணைந்திருந்தால் 1க்கும் குறைவாக இருக்கும். நல்ல வை-ஃபை என்றால் பெரும்பாலும் ஓரிலக்க எண்களாக இருக்கும். 4, 6, 380, 5, 900 என்று தாவினாலோ, ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் என்று அடிக்கடி வந்தாலோ, குறை உங்கள் வீட்டுச் சுவர்களுக்கு உள்ளேதான். இண்டர்நெட் நிறுவனத்துக்குப் போன் செய்து பயனில்லை. இரண்டாவது இணைப்பும் தேவையில்லை. நிறுத்த கண்ட்ரோல் கீயுடன் சி அழுத்துங்கள்.

அக்கா மகளிடம் போனிலேயே இதைச் செய்யச் சொன்னேன். பத்து வரியில் மூன்று டைம்ட் அவுட். ஹாலில் லேப்டாப்பை வைத்துப் பார்த்தால் எல்லாம் 3, 4, 3. மாமாவின் தனி கனெக்ஷன் யோசனை அதோடு நின்றது.

நம் ஊர் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பெட்டியின் அட்டையில் 2,000 சதுர அடி வரை என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பலகையும் ஜிப்சமும் தடுப்பாக உள்ள வீட்டில் போகும் தூரம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் போகாது. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இன்னும் மோசம். இடையில் இரும்பு பீரோ இருந்தால் அதற்குப் பின்னால் நிழல்தான். டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைத்த பெட்டியை வெளியே எடுத்து, ஆள் உயரத்தில் மாட்டினாலே சில வீடுகளில் பிரச்னை தீர்ந்துவிடுகிறது. அதையும் முதலில் செய்து பாருங்கள்.

கேபிள் இழுக்க முடியுமா?

இரண்டாவது கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்பாக இருந்து, அது ஒரே இடத்தில் இருக்கப் போகிறது என்றால் என் ஓட்டு எப்போதும் கேபிளுக்குத்தான். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் மழைக்கும், பக்கத்து வீட்டு வை-ஃபைக்கும், மைக்ரோவேவ் அடுப்புக்கும் அது அசைவதில்லை. ஒரு லேன் கேபிள் 100 மீட்டர் வரை வேலை செய்யும். எந்த வீட்டிலும் அவ்வளவு தூரம் வராது.

கேட் 5இ அல்லது கேட் 6 என்று கேட்டு வாங்குங்கள். இரண்டுமே நொடிக்கு 1 கிகாபிட் வரை கொண்டுபோகும். வீட்டுக்கு அதற்கு மேல் எதற்கு? கவனிக்க வேண்டியது வேறொன்று. விலை மிகக் குறைவாக விற்கப்படும் சில கேபிள்களில் உள்ளே இருப்பது முழுச் செம்பு அல்ல, செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். சுருக்கமாக சிசிஏ என்பார்கள். மடக்கும் இடத்தில் எளிதில் ஒடியும். கேட் 5இ, கேட் 6 தர விதிகளுக்கும் பொருந்தாது. சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர் எலக்ட்ரிகல் கடையானாலும், முழுச் செம்புக் கேபிளா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரு துண்டு வெட்டி, வயரின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

கேபிளுக்குள் எட்டு வயர்கள் உண்டு. 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு போதும். 1 கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். முனையில் கண்ணாடி போன்ற கனெக்டரை அழுத்தும் வேலையில் ஒரு வயர் சரியாகப் பதியாவிட்டாலும் நெட் வரக்கூடும், ஆனால் 100 மெகாபிட்டில் நின்றுவிடும். பல மாதங்கள் யாருக்கும் தெரியாது. ஆகவே வயர் இழுத்தவரை அனுப்பும் முன், செட்டிங்க்ஸில் நெட்வொர்க் பகுதியில் ஈதர்நெட்டைத் திறந்து லிங்க் ஸ்பீட் எவ்வளவு என்று பாருங்கள். 1000 என்று வர வேண்டும். 100 என்று வந்தால் முனைகளை மீண்டும் அழுத்தச் சொல்லுங்கள். இண்டர்நெட் பெட்டியின் லேன் துளையே 100 மெகாபிட் வகையாக இருப்பதும் உண்டு. அப்படியானால் வேறு துளையில் மாற்றிச் செருகிப் பாருங்கள். உங்கள் திட்டமே 100 மெகாபிட்தான் என்றால் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. சோதனையில் 94, 95 என்று காட்டும். அது சரியான அளவுதான்.

கேபிளை மின்சார வயர்கள் போகும் பைப்பில் சேர்த்து இழுக்க விடாதீர்கள். எலக்ட்ரீஷியன்கள் எளிதாக இருக்கிறதே என்று செய்துவிடுவார்கள். மெயின் வயரின் உறை எங்காவது உரிந்தால் ஆபத்து. பழைய தொலைபேசி வயர் போன பைப் சுவருக்குள் இருந்தால் அதிர்ஷ்டம், அதில் இழுக்கலாம். இல்லாவிட்டால் சுவரோரம் பிவிசி கேசிங். வெளிச்சுவர் வழியாக மாடிக்குப் போவதென்றால் வெயில் தாங்கும் கறுப்பு உறை கொண்ட கேபிள் வாங்குங்கள். உள்ளே போடும் சாம்பல் நிறக் கேபிள் நம் வெயிலில் வெடித்துவிடும். இடி மின்னல் நேரத்தில் இப்படி வெளியே போகும் கேபிளை இரு முனையிலும் பிடுங்கிவிடுவது நல்லது.

ஸ்விட்ச்சா, ரவுட்டரா?

மாடிக்கு ஒரு கேபிள் போய்விட்டது. அங்கே கம்ப்யூட்டர், பிரிண்டர், டி.வி. என்று மூன்று இருக்கின்றன. இப்போது வேண்டியது ஸ்விட்ச். ஐந்து துளைகள் கொண்ட சிறு பெட்டி, செட்டிங் எதுவும் கிடையாது. ஒரு துளையில் கீழிருந்து வரும் கேபிள், மற்றவற்றில் கருவிகள். அட்டையில் 10/100/1000 என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 10/100 என்றால் பழைய வேகம்.

போன்களுக்கும் மாடியில் வை-ஃபை வேண்டுமென்றால்? பரணில் பழைய ரவுட்டர் கிடக்கிறதா என்று தேடுங்கள். அதை ஆக்ஸஸ் பாயிண்டாக மாற்றிக்கொள்ளலாம். முதலில் அதை ஒரு கம்ப்யூட்டருடன் தனியாக இணைத்து, அதன் செட்டிங் பக்கத்தில் முகவரியை, வீட்டு ரவுட்டர் 192.168.1.1 என்றால் 192.168.1.250 என்பது போல மாற்றுங்கள். வை-ஃபை பெயரும் பாஸ்வேர்டும் அமைத்து, கடைசியாக டிஹெச்சிபி என்பதை அணைத்து சேவ் செய்யுங்கள். பிறகு மாடிக் கேபிளை அதன் லேன் துளையில் செருகுங்கள். வேன் என்று எழுதிய, நிறம் மாறிய தனித் துளையில் அல்ல.

டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் என்ன ஆகும்? உள்முகவரி கொடுப்பவர் வீட்டில் இருவர் ஆகிவிடுவார்கள். பழைய ரவுட்டரிடம் முகவரி வாங்கிய கருவிக்கு வெளியே போக வழி தெரியாது. ஒரு போனில் நெட் வரும், இன்னொன்றில் வராது. நாளைக்கு மாறி வரும். நான் ஒருமுறை இதை மறந்துவிட்டு, இரண்டு நாள் கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேபிளுக்கு வழியே இல்லை என்றால்

வாடகை வீடு, ஆணி கூட அடிக்கக் கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். போன் சோதனையில் சிக்னல் நன்றாக வந்திருந்தால் யுஎஸ்பி வை-ஃபை அடாப்டர் வாங்குங்கள். நகத்தின் அளவே இருக்கும் 150 மெகாபிட் அடாப்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். இரண்டு அலைவரிசையும் பிடிக்கும், ஆன்டெனா உள்ள அடாப்டரே மேல். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும் சக்தி குறைவு. 2.4 மெதுவானது, சற்று தூரம் போகும், அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அதில் நெருக்கியடிக்கும். அடாப்டரை சிபியுவின் பின்னால் செருகினால் இரும்புக் கேபினெட்டே சிக்னலை மறைக்கும். ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு மேஜை மேல் கொண்டுவந்து வையுங்கள். சில நேரம் இந்தச் சின்ன வயர்தான் மொத்த வித்தியாசமும்.

சிக்னல் பாதி தூரம்தான் வருகிறது என்றால் ரிப்பீட்டர். அதை வைக்க வேண்டிய இடம், ஹால் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழி. நம் வீடுகளில் அது பெரும்பாலும் மாடிப்படித் திருப்பம். அங்கேதான் பிளக் பாயிண்ட் இருக்காது! வாங்கும் முன் அதையும் யோசியுங்கள். இரண்டு அலைவரிசை உள்ள ரிப்பீட்டராக வாங்கினால், ஒன்றில் கேட்டு மற்றொன்றில் சொல்லும். பாதியாகும் தொல்லை குறையும். மெஷ் என்று விற்கப்படும் இரண்டு மூன்று பெட்டிகளின் தொகுப்பு இன்னும் சீராக வேலை செய்யும், போனுடன் நடந்தால் தானாக அருகிலுள்ள பெட்டிக்கு மாறிக்கொள்ளும். விலையும் அதற்கேற்ப. அவற்றுக்கும் சுவர் சுவர்தான்.

மின்சார வயரிலேயே இண்டர்நெட்டை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் என்று ஒன்று உண்டு. ஹால் பிளக்கில் ஒன்று, அறை பிளக்கில் ஒன்று. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் ஹால் ஒரு ஃபேஸிலும் மாடி வேறு ஃபேஸிலும் இருந்தால் வேகம் விழுந்துவிடும், அல்லது வரவே வராது. மாடிக்குத் தனி ஈ.பி. மீட்டர் என்றால் மறந்துவிடுங்கள். ஒரு பிளக் இன்வெர்ட்டர் வயரிங்கில் இருந்தாலும் சந்தேகம்தான். ஸ்பைக் பஸ்டரில் செருகக் கூடாது, நேராகச் சுவரில்தான். வேலை செய்யாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்காமல் இதை வாங்க வேண்டாம்.

அட்டையில் எழுதியிருக்கும் எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏசி1200 என்றால் 1200 மெகாபிட் கிடைக்கும் என்று பொருள் இல்லை. 2.4 அலைவரிசையில் 300, 5 அலைவரிசையில் 867, இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கியிருக்கிறார்கள். உங்கள் கம்ப்யூட்டர் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இணையும். அந்த 867ம் ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் பாதி கிடைத்தாலே நன்று.

வீட்டுக்கு இரண்டாவதாக வருவது பழைய கம்ப்யூட்டர் என்றால் அதில் எந்த விண்டோஸ் இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபரிலும் நின்றுவிட்டன. அப்டேட் வராத கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

அக்கா வீட்டில் பழைய தொலைபேசி பைப் மாடி வரை போயிருந்தது. 22 மீட்டர் கேபிள், இரண்டு கனெக்டர், எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் கூலி. சோதனையில் எல்லா வரியும் 1க்குக் கீழே. ரிப்பீட்டரைத் தூக்கிப் போடவில்லை. படித் திருப்பத்தில் ஒரு பிளக் வைத்து மாட்டினோம், போன்களுக்கு. இண்டர்வியூ அன்று காலை அக்கா மீண்டும் அழைத்தாள். "தம்பி, இன்னிக்கு கரண்ட் கட்டுன்னு போட்டிருக்கான். மேல இன்வெர்ட்டர் இருக்கு, கம்ப்யூட்டர் ஓடும்ல?" கம்ப்யூட்டர் ஓடும். ஹாலில் இண்டர்நெட் பெட்டி செருகியிருந்த பிளக் இன்வெர்ட்டரில் இல்லை. உடனே அதை வேறு பிளக்குக்கு மாற்றச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் மெயினை ஒருமுறை அணைத்து, எந்தெந்த விளக்குகள் எரிகின்றன என்று பார்த்துவிடுங்கள். இடையில் ஸ்விட்ச் வைத்திருந்தால் அதற்கும் இன்வெர்ட்டர் பிளக் வேண்டும்.